கேப்டன் டாரன்ட்டின் மகன்

கிரிம்ஸ்பி
1934 மார்ச் 18

அன்புள்ள கிளிஃப்,

இப்படி எழுதலாமா, இல்லை ஜூலியன் டாரன்ட் துரை அவர்களுக்கு என்று தொடங்க வேண்டுமா என்று தெரியவில்லை. ஞானஸ்நானத்தில் உனக்கு வைத்த பெயர் கிளிஃபர்ட் ரஷ்பி. நான் அந்த ஆளுக்குத்தான் எழுதுகிறேன். அப்படி ஒருவர் அங்கே இல்லை என்றால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடு.

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டு கோப் அம்மாள் ஒரு சினிமாப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். முழுப் பக்கத்துக்கு உன் படம். குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்கிறாய். பால் வண்டிக் குதிரையைக் கண்டால் தெருவுக்கு அந்தப் பக்கம் ஓடுகிறவன் நீ. அது போகட்டும், தொழில். படத்துக்குக் கீழே என்ன போட்டிருக்கிறது என்று அப்பா கேட்டார். அவருக்குத்தான் சின்ன எழுத்து வாசிக்க வராதே. நான் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தேன், கிளிஃப். பாதி வரி வாசித்த பிறகுதான் அடுத்த பாதி கண்ணில் பட்டது. அதற்குள் வாய் சொல்லிவிட்டது. உன் தந்தையார் கேப்டன் எட்மண்ட் டாரன்ட், 1916இல் பிரான்ஸ் போர்முனையில் வீரமரணம் அடைந்தாராம்.

வீரமரணம் அடைந்தவர் அப்போது அடுப்புக்குப் பக்கத்தில் வெந்நீர்த் தொட்டியில் கால் இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு காலைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்தார். பிறகு, "பிரான்ஸா? நான் பக்கத்துல இருக்கிற லிங்கன் ஊரையே தாண்டினதில்லையே" என்றார். கோப் அம்மாள் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார்.

திங்கட்கிழமைக்குள் துறைமுகம் முழுக்கப் பரவிவிட்டது. மீன் இறக்கும் ஆட்கள் அத்தனை பேரும் அப்பா நடந்து வந்தபோது தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்களாம். அவருடைய கூடைக் கொக்கியில் யாரோ கறுப்பு நாடா கட்டியிருக்கிறார்கள். "கேப்டன், அந்தப் பக்கம் பீர் எப்படி இருக்கு?" என்று அவரோடு மீன் இறக்குகிற டாட் கேட்டானாம். "இங்க மாதிரியேதான், தண்ணிதான் ஜாஸ்தி" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். ஆனால் தட்டில் வைத்தது அப்படியே இருந்தது.

உன் படம் எது வந்தாலும் முதல் நாளே செருப்பைத் துடைத்துப் பளபளவென்று போட்டுக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருகிறவர். இந்த வாரம் உன் புதுப் படம் ஓடுகிறது. செருப்பு கடிக்கிறதாம், போகவில்லை.

அம்மா இருந்திருந்தால் ரயிலேறி வந்து உன் காதைத் திருகியிருப்பாள். நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மேபல்


லண்டன்
1934 மார்ச் 22

அன்புள்ள மேபல்,

மூன்று காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அச்சான பிறகுதான் எனக்கே தெரியும் என்று அவற்றில் எழுதியிருந்தேன். அது பொய். அச்சாவதற்கு முன்பே காட்டினார்கள். வாசித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

நடந்தது இதுதான். ஸ்டுடியோவில் விளம்பரம் பார்க்கிற பிரைஸ் என்னை உட்கார வைத்து, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். மீன் சம்பந்தமான வேலை என்றேன். மீன் ஏலம் எடுக்கிறவரா என்றார். இல்லை, கப்பலிலிருந்து இறக்குகிறவர் என்றேன். பிரைஸ் பேனாவை மூடிவிட்டார். "நீங்க பிரபு வேஷம் போடுறவர். ஜனங்க திரையில உங்களப் பாக்கும்போது மீன் வாடை வரக்கூடாது" என்று மிக மரியாதையாகச் சொன்னார். மறுநாள் கேப்டன் டாரன்ட் பிறந்து, போருக்குப் போய், செத்தும் போயிருந்தார்.

நீ கோபப்படு. ஆனால் ஒன்றை மட்டும் யோசித்துப் பார். பதினெட்டு வயதில் கிளம்பினேன். ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் கம்பெனிகளில் ஏழு வருடம். "வண்டி தயார், பிரபுவே" என்பதைத் தவிர எனக்கு வசனமே இல்லாத வருடங்கள் உண்டு. நான் வாயைத் திறந்தால் கிரிம்ஸ்பி துறைமுகம் வெளியே வந்துவிடும். ஒவ்வொரு எழுத்தாகக் கண்ணாடி முன்னால் நின்று நாக்கைத் திருப்பினேன். இப்போது தூக்கத்தில்கூட எனக்கு அந்தப் பேச்சு வருவதில்லை. அவ்வளவையும் செய்த பிறகு ஒரே ஒரு கையெழுத்துதானே என்று நினைத்துவிட்டேன்.

ஒப்பந்தம் இன்னும் மூன்றரை வருடம். நான் இல்லாமல் அவர்களுக்கு ஆகாது என்ற நிலை வரட்டும், நானே இதைச் சரி செய்கிறேன். அப்பாவிடம் சொல். இல்லை, சொல்லாதே. என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

கிளிஃப்


கிரிம்ஸ்பி
1935 ஜூன் 20

அன்புள்ள கிளிஃப்,

வெள்ளித் தேநீர்க் கெண்டி வந்து சேர்ந்தது. மிக அழகு. அதில் தேநீர் ஊற்ற எனக்கும் சிட்டுக்கும் பயமாக இருப்பதால் அலமாரியில் வைத்திருக்கிறோம்.

என் கல்யாணம் நன்றாக நடந்தது. அப்பாதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். பாதிரியார் உன்னைப் பற்றி விசாரித்தார். உனக்கு ஷூட்டிங் என்று நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அப்பா சொல்லிவிட்டார். நீ வந்தால் பத்திரிகைக்காரர்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். வந்தால் என்ன? இன்னும் நாலு பிளம் ரொட்டி சுட்டிருப்பேன்.

சிட் நல்லவர். நான் வேலை செய்யும் வலை பின்னும் கூடத்தில் என் மேஜைக்கு எதிரில் ஆறு வருடம் கயிறு சுற்றிக்கொண்டிருந்து, ஏழாவது வருடம் பேசினார். உனக்கு அவரைப் பிடிக்கும். பார்த்தால்.

மேபல்


கிரிம்ஸ்பி
1937 மே 9

என் அன்புத் தம்பி,

பழையதை எல்லாம் துடைத்துவிட்டேன். உன் மேல் எனக்கு இனி ஒரு வருத்தமும் இல்லை. படுத்த படுக்கையில்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பெண் குழந்தை. டாரத்தி என்று பெயர் வைத்திருக்கிறோம். இந்தச் செய்தியை உன்னிடம் நேரிலேயே சொல்கிறேன் என்று அப்பா பிடிவாதமாகக் கிளம்பினார். எழுதிப் போட்டால் போதும் என்றேன். கேட்கவில்லை. ஏலத்துக்குப் போகாத நல்ல ஹேடாக் மீனாகப் பொறுக்கி, ஈரச்சாக்கில் சுற்றிக் கூடையில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடுகிற கோட்டை மாட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டார். போன இடத்தில் என்ன ஆகுமோ என்று நான் இங்கே கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அவர் திரும்பி வந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். என் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். வாசல்வரை நீ ஓடி வந்தாயாம். தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவில் போட்டிருந்த அரண்மனை, காடு, கடல் என்று எல்லா இடத்தையும் சுற்றிக் காட்டினாயாம். "பார்த்தவங்க எல்லார்கிட்டயும், இவர்தான் எங்கப்பான்னு சொன்னான், மேபல். எனக்கே கூச்சமாப் போச்சு" என்றார். தயாரிப்பாளரோடு ஒரே மேஜையில் மதியச் சாப்பாடு என்றார்.

சிட் ஒரு பக்கம் மூக்கைச் சிந்துகிறார். நான் ஒரு பக்கம். குழந்தை மட்டும்தான் தூங்கியது.

மூன்று வருடம் உன்னைக் கரித்துக் கொட்டினேன். மன்னித்துக்கொள்.

உன் மேபல்


லண்டன்
1937 மே 13

அன்புள்ள மேபல்,

குழந்தைக்கு என் முத்தம். உன் கடிதத்தை நான் வைத்துக்கொள்ள முடியாது. அதில் இருக்கிற ஆள் நான் இல்லை.

அப்பா வந்தபோது நான் தயாரிப்பாளர் ஹெதரிங்கோடும் இன்னும் இரண்டு விருந்தாளிகளோடும் புல்வெளியில் நின்றிருந்தேன். வாயிற்காவலர் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான்கு பேரும் திரும்பிப் பார்த்தோம். அப்பா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து ஜூலியன் டாரன்ட் பேசினான். "இவர் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமானவர்" என்றேன்.

அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். "ஆமாங்க. கேப்டனய்யாவோட படகு என் பொறுப்புலதான் இருந்துச்சு. இவர இத்தனூண்டுலேருந்து தெரியும்" என்றார். முதுகு கொஞ்சம் வளைந்தது, குரல் மாறியது. எனக்குத் தெரிந்த எந்த நடிகனும் அவ்வளவு சீக்கிரம் ஒரு வேஷத்துக்குள் நுழைந்ததில்லை.

ஹெதரிங்குக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கேப்டன் எப்படிப்பட்ட மனிதர் என்று கேட்டார். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அப்பா நிதானமாகச் சொன்னார். "நல்ல மனுஷன்தான். பிடிவாதம் ஜாஸ்தி. மகன் நாடகத்துக்குப் போறேன்னு சொன்னதும் ஒரு வாரம் பேசல. கெளம்புற அன்னிக்கு ரயிலடிக்குப் போனாரு. முன்னால வர மனசு வரல. தூணுக்குப் பின்னாடியே நின்னு, வண்டி போற வரைக்கும் பாத்துட்டு வந்தாரு."

கேப்டன் 1916லேயே இறந்துவிட்டாரே, மகன் நாடகத்துக்குப் போனது அதற்குப் பிறகுதானே என்று ஒரு விருந்தாளி கேட்டார். "வயசாச்சுங்க, வருஷம் எல்லாம் கொழம்புது" என்று அப்பா தலையைச் சொறிந்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மேபல்.

அன்றைக்கு வழியனுப்ப யாருமே வரவில்லை என்று பன்னிரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரியுமா அவர் வந்தது?

மதியச் சாப்பாடு அவர் சாப்பிட்டது வாயிற்காவலரின் அறையில். அதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கூடையை என்னிடம் கொடுக்கும்போது, காதோடு, "மேபலுக்குப் பொம்பளப் புள்ள" என்று மட்டும் சொன்னார். ஹெதரிங் பெயரும் விலாசமும் கேட்டதற்கு வால்டர் கோல் என்று அம்மா வீட்டுப் பெயரையும் நம் வீட்டு விலாசத்தையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எவ்வளவு திட்ட வேண்டுமோ திட்டு.

கிளிஃப்


கிரிம்ஸ்பி
1937 ஜூலை 4

கிளிஃப்,

திட்டுவதற்கு ஏழு வாரம் வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை.

ரயிலடிக்கு அவர் வந்தது எனக்கும் தெரியாது. நான் அன்று வேலைக்குப் போயிருந்தேன். நீ எழுதியதை நான் அவரிடம் காட்டவில்லை. உனக்காக அவர் கட்டிய கதையைத் தெருவில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். இப்போது பாதியை அவரே நம்புகிறார் என்று தோன்றுகிறது. அதை உடைக்க எனக்கு மனமில்லை.

எழுதியதற்குக் காரணம் வேறு. வால்டர் கோல் என்ற பெயருக்கு ஸ்டுடியோவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கடலில் கவிழ்ந்த படகைக் காப்பாற்றுகிற படமாம். கதாநாயகன் நீ, உயிர்காப்புப் படகின் அதிகாரி. தண்ணீரிலிருந்து நீ இழுத்துக் காப்பாற்றுகிற கிழட்டு மீனவன் வேஷத்துக்கு அப்பாவைக் கூப்பிடுகிறார்கள். இது உனக்குத் தெரிந்து நடந்ததா, தெரியாமலா, நான் கேட்கப்போவதில்லை.

அறுபத்தொரு வயதில் என்ன கூத்து இது, போக வேண்டாம் என்று சொன்னேன். சிட்டும் சொன்னார். "அவன் சின்ன வயசுல தெனமும் வந்து என் வேலையப் பாத்திருக்கான். அவன் வேலைய நான் ஒரு நாளாச்சும் பக்கத்துல நின்னு பாக்க வேண்டாமா" என்றார்.

அவர் வருவார். அவருடைய வசனத்தை சிட் வாசித்துக் காட்ட, மனப்பாடம் செய்கிறார். மூன்றே வரி. மூன்றிலும் உன்னை "ஐயா" என்கிறார். நாலு பேர் நடுவில் அவர் அப்படிக் கூப்பிட, நீ கேட்டுக்கொண்டு நிற்பாயானால், எனக்கு இனி எழுத வேண்டாம். என் மகளுக்கு மாமா இல்லை என்று சொல்லி வளர்த்துக்கொள்கிறேன்.

மேபல்


லண்டன்
1937 செப்டம்பர் 17

அன்புள்ள மேபல்,

அப்பா நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் வருவதை வாசித்தால் நீ பயப்படுவாய். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பக்கத்து அறையில் முட்டை தின்றுகொண்டிருக்கிறார். என் வீட்டில்தான் இருக்கிறார்.

நேற்று அந்தக் காட்சியை எடுத்தோம். பெரிய தொட்டியில் தண்ணீர், எந்திரத்தால் அலை, பக்கத்திலிருந்து காற்று. நான் படகில். அப்பா தண்ணீரில் உடைந்த பலகையைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறார். "என்ன விட்டுடுங்க ஐயா, மத்தவங்களப் பாருங்க" என்பது அவர் வசனம். "கையைக் கொடுங்கள் பெரியவரே" என்பது என்னுடையது.

உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. ஆரம்பிப்பதற்கு முன்பே இயக்குநரிடம் சொல்லிவிடலாம் என்று காலையில் கிளம்பும்போது முடிவு செய்திருந்தேன். அங்கே ஐம்பது பேர் நின்றார்கள். பிரைஸும் பத்திரிகைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மதியம் சொல்லலாம் என்று தள்ளினேன். நான் அப்படிப்பட்டவன்தான், உனக்குத் தெரியும்.

முதல் முறை எடுத்தபோது அவர் ஐயா என்றார். என் நாக்கு ஒட்டிக்கொண்டது. இயக்குநர் நிறுத்தச் சொன்னார். இரண்டாவது முறையும் ஐயா என்றார், என் முகத்தையே பார்த்துக்கொண்டு. நான் வசனத்தைச் சொல்லிவிட்டேன். ஆனால் அலை தப்பான நேரத்தில் வந்துவிட்டது. மூன்றாவது முறை அவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஐயா என்று சொல்ல வாயைத் திறந்தார். பலகை கையிலிருந்து வழுக்கியது. அப்படியே உள்ளே போய்விட்டார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது ஒரு ஆயுள். படகின் விளிம்பில் பாதி உடம்பைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினேன். அவர் தலை மேலே வந்தது. "அப்பா, கையக் குடுங்கப்பா. என்னப் புடிச்சுக்கங்க, விடாதீங்கப்பா" என்றேன். சொன்னது நான்தான், மேபல். ஆனால் அந்தப் பேச்சு நம் தெருப் பேச்சு. மீன் வாடையோடு அப்படியே வந்தது. எனக்கு அது செத்துப்போய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

இழுத்து மேலே போட்டேன். இயக்குநர் கொஞ்சம் பொறுத்து, வசனம் அது இல்லையே என்றார். தெரியும் என்றேன். பிரைஸ் ஓடி வந்து, வயதானவர்களை அன்பாக அப்பா என்று கூப்பிடுவது டாரன்ட்டின் வழக்கம் என்று பத்திரிகைக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். "இல்ல. இவர் என் அப்பா. பேரு வால்டர் ரஷ்பி. கிரிம்ஸ்பியில மீன் எறக்குறார். போருக்கும் போகல, சாகவும் இல்ல" என்றேன். பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டார்.

அப்பா குளிரில் பல் தந்தியடிக்க, "மேபல் சொன்னதுக்காகச் சொல்லாத" என்றார். உன் மிரட்டலை நீ சத்தமாக வாசித்துப் பார்த்தாயாமே. அவர் கேட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவரை ரயிலேற்றுகிறேன். இல்லை, நானும் கூட வருகிறேன். டாரத்தியைப் பார்க்க வேண்டும்.

கிளிஃப்


லீட்ஸ்
1938 ஜனவரி 26

அன்புள்ள மேபல்,

எதிர்பார்த்ததுதான். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பத்திரிகையில் செய்தி வந்த பிறகு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்ததாம். பாதிப் பேர் வாழ்த்தியிருக்கிறார்கள். மீதிப் பேர் ஏமாந்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறார்கள். ஹெதரிங் வருத்தத்தோடு கை கொடுத்தார். இனி உங்களுக்குப் பிரபு வேஷம் யார் கொடுப்பார்கள் என்றார். எனக்கும் அந்தக் கவலை இருக்கிறது. முப்பது வயதில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது விளையாட்டு இல்லை. இங்கே ஒரு நாடகக் கொட்டகையில் எட்டு வாரத்துக்கு வேலை கிடைத்திருக்கிறது. டிராம் கண்டக்டராக நடிக்கிறேன். இத்தனை வருடத்தில் முதல் முறையாக, கண்ணாடி பார்க்காமல் மேடைக்குப் போகிறேன்.

ஒரு செய்தி. அந்த மூன்றாவது முறை எடுத்ததையே படத்தில் வைத்துக்கொண்டார்கள். இயக்குநர் பிடிவாதமாக நின்றாராம். அதிகாரி அந்த மீனவனின் மகன் என்று கதையையே அதற்காக மாற்றி, முன்னால் இரண்டு காட்சிகள் சேர்த்து எடுத்தார்கள். படம் மார்ச்சில் உங்கள் ஊருக்கு வரும். அப்பா போவாரா?

கிளிஃப்


கிரிம்ஸ்பி
1938 மார்ச் 16

அன்புள்ள தம்பி,

போனோம். நேற்று மாலைக் காட்சி. ஃப்ரீமன் தெருக் கொட்டகையில் முன்வரிசை முழுக்கத் துறைமுக ஆட்கள். டாட் வேலை உடுப்போடேயே வந்துவிட்டான். அந்த வாடையில் பின்வரிசைக்காரர்கள் எழுந்து இடம் மாறினார்கள். டாரத்தி என் மடியில் தூங்கிவிட்டாள்.

திரையில் அப்பா வந்ததும் முதலில் ஒரே கேலி. மீனை இறக்கச் சொன்னால் இவரே இறங்கிவிட்டார் பார் என்று சத்தம் போட்டார்கள். அப்புறம் அந்த இடம் வந்தது. நீ தண்ணீருக்குள் கையை விட்டாய். நம் பேச்சில் நீ "அப்பா" என்றதும் கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. இத்தனை வருடம் எத்தனை படம் பார்த்திருக்கிறோம், நம்மைப் போல ஒருவன் திரையில் பேசி யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் டாட் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். அப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, ஏலத்தில் மீனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். அன்றைக்கு முங்கியபோது பயமாக இருந்ததா, உயிர் போய்விடும் என்று நினைத்தீர்களா என்று.

சிட் எங்கே என்று பார்த்தார். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார் என்று தெரிந்த பிறகு சொன்னார்.

"நாப்பது வருஷமா தொறமுகத் தண்ணியில விழுந்து எந்திரிக்கிறவன். அந்தத் தொட்டியிலயா முங்குவேன்? ரெண்டு தடவ அந்த வார்த்த அவனுக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, மேபல். வெளிய வரல. மூணாவது தடவ நான்தான் கொஞ்சம் கையக் குடுத்தேன்."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அவர் இரண்டடி நடந்து, திரும்பி வந்து, என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

"அந்தப் படத்துல நடிச்சது நான்" என்றார். "அவன் நடிக்கல."

மேபல்